மலையிறங்கிய ரத்தம்

போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்து சரவணன் போன் பண்ணாரு. நான் ரிட்டயர் ஆனப்புறம் எங்க லேபுக்குப் பொறுப்பா வந்தவரு. மரியாதையான மனுஷன்தான். ஆனா அன்னிக்கு அவரு பேச்சை ஆரம்பிச்ச தோரணையே எனக்குப் பிடிக்கல.

"அக்கா, நம்ம சாம்பிள் விதிமுறைத் தாள்ல ஏழாவது வரி இருக்குல்ல? கொடைக்கானல்ல எடுக்கிற ரத்தத்தை அங்கேயே ரெண்டு தடவை மெஷின்ல சுத்தி, மேல நிக்கிற மஞ்சத் தண்ணியை மட்டும் கீழ அனுப்பணும்னு. அது இன்னும் வேணுமாக்கா? ரோடு புதுசா போட்டாச்சு, பெட்டியும் நல்லதா வந்தாச்சு. அந்த வரியை எடுத்துட்டா மேல உள்ளவங்களுக்குப் பாதிச் சோலி குறையும்."

"அந்த வரி எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியலக்கா. யாரோ பழைய ஆளுக எழுதி வச்சதுன்னாங்க."

யாரோவாம்! அந்த யாரோ நான்தான். எனக்குச் சுருக்குனு கோபம் வந்துருச்சு. "அதை எடுக்கிறதுக்கு முன்னாடி நான் எழுதி அனுப்புறதைப் படிங்க, சரவணன். படிச்சிட்டு, நான் செஞ்சதை நீங்களும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. அதுக்கப்புறம் எடுக்கணும்னா எடுங்க"ன்னு சொல்லி வச்சிட்டேன். அப்படி எழுதினதுதான் இது.

என் பேரு முருகேஸ்வரி. ஊரு வில்பட்டி. எங்க வீட்டுல கேரட்டும் வெள்ளைப்பூண்டும் போடுவாங்க. நான் மட்டும் திண்டுக்கல்ல லேப் டெக்னீசியன் படிச்சு, சில வருஷம் ரத்த வங்கியில குப்பை கொட்டிட்டு, பழனி அடிவாரத்துல பாலசமுத்திரம் பக்கம் இருந்த ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில சேர்ந்தேன். ஆஸ்பத்திரி பேரு இங்க வேண்டாம். அங்க ஆராய்ச்சிப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குத் தலைவர் டாக்டர் ஜெயசீலன் சார்.

சாரைப் பத்திச் சொல்லியே ஆகணும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. தரை கூட்டுறவங்கள்ல இருந்து டீன் வரைக்கும் எல்லாருக்கும் 'ங்க'தான். ஆனா நீங்க ஏதாவது ஒண்ணு சொன்னீங்கன்னா, கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சிட்டு, மெதுவா ஒரே ஒரு கேள்வி கேப்பாரு: "எதை வச்சுச் சொல்றீங்க?" அவ்வளவுதான். பாதிப் பேரு அந்தக் கேள்விக்குப் பயந்தே வாயைத் திறக்க மாட்டாங்க. மழை வரும்போல இருக்கு சார்னு யாரோ சொன்னதுக்குக்கூட அதைக் கேட்டிருக்காரு.

எங்க வேலை என்னன்னா, கேன்சர் செல் விடுற துகளை அளக்கிறது. கேன்சர் செல் சும்மா கெடக்காது. பொடிப்பொடியா கொழுப்புக் குமிழிகளை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். சாதாரண மைக்ராஸ்கோப்புல பார்த்தாக்கூடத் தெரியாது, அவ்வளவு சின்னது. உடம்பைக் காக்கிற வெள்ளணு அந்தக் கட்டியைக் கொல்லலாம்னு கிளம்பும்போது, இந்தத் துகள் வழியிலேயே அதுமேல ஒட்டி, போதும் நிப்பாட்டுன்னு சேதி சொல்லிரும். காவலுக்கு நிக்கிறவனுக்கு முதலாளி பேர்ல, இன்னிக்கு உனக்கு லீவுன்னு பொய்ச்சீட்டு கொடுத்து அனுப்புற மாதிரி. வெள்ளணு பாவம், அதை நம்பிச் சோர்ந்து போயிரும். கட்டி தன் இஷ்டத்துக்கு வளரும்.

அந்தத் துகளைப் பிரிச்சு எடுக்கிறதுல என் கைக்கு ஈடு யாரும் கிடையாது. இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமே இல்ல. பெரிய சுழல் மெஷின் ஒண்ணு இருக்கு. ரத்தத்துல உள்ள செல்லெல்லாம் எடுத்தப்புறம் மிச்சம் இருக்கிற மஞ்சத் தண்ணியை, ப்ளாஸ்மாவை, அதுல விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல சுத்தணும். எதிரெதிர்க் குழாய் ரெண்டும் எடையில மயிரிழைகூட வித்தியாசப்படக் கூடாது. பட்டா மெஷினே குதிச்சு உடைஞ்சிரும். சுத்தி முடிச்சா துகள் குழாயோட அடியில, வெளிப்பக்கச் சுவர்ல ஒட்டிக் கெடக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாது. சுத்தமாத் தெரியாது. அதனால சுத்துறதுக்கு முன்னாடியே குழாயோட வெளிப்பக்கம் மார்க்கர்ல ஒரு புள்ளி வைப்பேன். அப்புறம் அந்தப் புள்ளி இருக்கிற பக்கத்தை மேல பார்த்து வச்சு, எதிர்ப்பக்கமா தண்ணியை மெல்ல உறிஞ்சி எடுப்பேன். கை கொஞ்சம் அசைஞ்சாலும் எல்லாம் தண்ணியோட போயிரும், போனதும் தெரியாது. கண்ணுல படாத ஒண்ணை ஒரு புள்ளியை நம்பி இருபது வருஷத்துக்கு மேல காப்பாத்தியிருக்கேன்.

அப்புறம் துகளை எண்ணுவோம். எண்ணினப்புறம் ஆரோக்கியமான ஒருத்தரோட வெள்ளணு மேல அதை விட்டு, அது எவ்வளவு சோர்ந்து போகுதுன்னு பார்ப்போம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தூங்குற வெள்ளணுவைத் தட்டி எழுப்புற மருந்து ஒண்ணு வந்துச்சு. எங்க ஆஸ்பத்திரியில ஆராய்ச்சியா அதைக் கொடுக்க ஏற்பாடு. ஆனா துகள் அளவு ஒரு கோட்டைத் தாண்டிருச்சுன்னா மருந்து பலிக்காதுங்கிறது அப்ப எங்க கணிப்பு. அதனால கோட்டுக்கு மேல போனவங்களைச் சேர்க்கிறதில்ல. சேர்க்கலைன்னா மருந்து இல்ல. வேற வழியும் அவங்களுக்குக் கிடையாது.

கொடைக்கானல்ல எங்க கிளை ஒண்ணு உண்டு, ரெண்டே ரூம்பு. மலை ஊர்க்காரங்க ரத்தம் கொடுக்கிறதுக்காக மட்டும் பழனி ரோட்டுல வாந்தி எடுத்துக்கிட்டு இறங்க வேண்டாமேன்னு நான்தான் ஒரு யோசனை சொன்னேன். என் தம்பி பாண்டி வில்பட்டியில இருந்து தினமும் வெள்ளனே காய்கறி வேன் எடுத்துக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போறவன். கிளையில நர்ஸ் காலையில ரத்தம் எடுத்துப் பெட்டியில வச்சா, அவன் இறங்குற வழியில எங்க கேட்டுல கொடுத்துட்டுப் போயிருவான். ஒன்பது மணிக்குள்ள ரத்தம் என் மேஜையில. சாரு ரொம்பச் சந்தோஷப்பட்டாரு. "முருகேஸ்வரி, நல்ல ஏற்பாடுங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. நான் ஒரு வாரம் தரையில நடக்கல.

அதோட விட்டேனா? பெட்டியில ஐஸ் வைக்கச் சொன்னதும் நான்தான். தாள்ல 'அறை வெப்பநிலை'ன்னுதான் போட்டிருந்துச்சு. ஆனா நாங்க மலைக்காரங்க. காளானோ பாலோ பூவோ, மலையில இருந்து எது கீழ இறங்கினாலும் ஐஸ் போட்டுத்தான் இறக்குவோம். அடிவாரத்து வெக்கை பட்டா ஒண்ணும் நிக்காது. ரத்தம் மட்டும் என்ன விதிவிலக்கான்னு நெனச்சேன். எனக்கு அதுல ஒரு சந்தேகமும் வரல. ஐஸ் பெட்டியை சாரும் பார்த்தாரு, தலையை ஆட்டுனாரு.

சாம்பிள் வர ஆரம்பிச்சுச்சு. மலையில இருந்து வந்த ஒவ்வொருத்தர் ரத்தமும் கோட்டுக்கு மேல. அடிவாரத்து ஆளுகள்ல சில பேரு மேல, பல பேரு கீழ. மலைக்காரங்க மட்டும் ஒட்டுமொத்தமா மேல. அந்தத் துகளை விட்டா வெள்ளணுவும் அப்படியே துவண்டு போகுது. சாருக்கு ராத்திரி தூக்கம் இல்ல. உயரமா, குளிரா, விறகு அடுப்புப் புகையா, என்னமோ ஒண்ணு மலைக்காரங்க கேன்சரை வேற மாதிரி ஆக்குதுன்னு கட்டுரை எழுத ஆரம்பிச்சாரு. டெல்லியில ஒரு மாநாட்டுல பேச அழைப்பும் வந்துருச்சு.

அப்பதான் கணேசன் அண்ணன் வந்தாரு.

கொடைக்கானலை ஒட்டின வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல்காரரு அவரு. வெள்ளக்காரப் பிள்ளைகளுக்கு ஆம்லெட்டும் தோசையும் போடுறவரு. பீடி சிகரெட் தொட்டதில்ல, ஆனா நுரையீரல்ல கட்டி. வாய் மட்டும் ஊர் தாங்காது. அவரோட ரத்தமும் வேன்ல வந்து, கோட்டைத் தாண்டி, 'தகுதி இல்லை'ன்னு கடிதாசி போயிருந்துச்சு. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு முத பஸ்ஸைப் பிடிச்சு இறங்கி, நேரா லேப் வாசல்ல வந்து நின்னாரு.

"ஏந்தாயி, நீ வில்பட்டிக்காரிதானே? என்ன எழவு இது? தகுதி இல்லைன்னா என்னா அர்த்தம்? நான் என்ன வேலைக்கா மனு போட்டேன்? மருந்துதானே கேட்டேன்!"

"உக்காருங்கண்ணே. ரத்தத்துல துகள் ரொம்ப இருக்கு, அதான்..."

"என் ரத்தம் என்கிட்டதான் இருக்கு. நீ எந்த ரத்தத்தைப் பார்த்தே?"

கோபத்துல கேட்டதுதான். ஆனா அந்தக் கேள்வி என் மண்டையில உக்காந்துருச்சு. இருமல் வந்து அவரு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்க்க முடியல. டாக்டர் வேற ஏதோ டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தாங்க. நான் கேட்டேன்: "அண்ணே, கூடுதலா ஒரு குழாய் எடுத்துக்கிடவா?"

"எடு, எடு. அதையாச்சும் உருப்படியா அளந்து தொலைங்க."

அதை அன்னிக்கே சுத்தினேன். எண்ணினேன். கோட்டுக்கு ரொம்பக் கீழ.

நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சு மிச்சம் இருந்ததை மறுபடி சுத்தினேன். மறுபடி கீழ. ஒரே மனுஷன், ஒரே கட்டி, ரெண்டு வாரம்தான் இடைவெளி. வேன்ல இறங்கின ரத்தம் ஒண்ணு சொல்லுது, ஆளோட இறங்கின ரத்தம் வேற சொல்லுது. நடுவுல என்ன இருக்குன்னு யோசிச்சேன். ஐஸும் ரோடும்தான் இருக்கு.

ரத்த வங்கியில வேலை பார்த்தவளுக்கு இது தெரிஞ்சிருக்கணும். ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு இருக்கு, காயம் பட்டா ரத்தத்தை உறைய வைக்கிறது. அது ஒரு தொட்டாச்சிணுங்கி. குளிரு பட்டாலும் ஆகாது, குலுக்கினாலும் ஆகாது. கோவிச்சுக்கிட்டுத் தானே துகளை விட ஆரம்பிச்சிரும். எண்ணுற மெஷினுக்கு அது தட்டணுத் துகளா கேன்சர் துகளான்னு எங்க தெரியும்? அந்தத் துகளுக்கும் வெள்ளணுவை அமுக்கிப் போடுற குணம் கொஞ்சம் உண்டு.

பாண்டிக்குப் போன் போட்டேன். "ஏலே, அந்தப் பெட்டியை வேன்ல எங்க வைப்பே?"

"கடைசியில, பின்கதவை ஒட்டிக் கட்டிருவேன்க்கா. நடுவுல வச்சா கேரட் மூட்டை அமுக்கிரும்ல. உன் சாமான்னு பத்திரமாத்தான் கொண்டாறேன்."

பின் சக்கரத்துக்கு மேல! வேன் முழுக்க அதுதான் தூக்கித் தூக்கிப் போடுற இடம். அவன்மேல ஒரு தப்பும் இல்ல. ஏற்பாடு என்னோடது, ஐஸ் என்னோடது, பெருமையும் என்னோடது.

உடனே சார்கிட்ட ஓடியிருக்கலாம். ஆனா "எதை வச்சுச் சொல்றீங்க?"ன்னு கேப்பாரே. ஒருத்தரோட ரெண்டு குழாயை வச்சு அவரோட கட்டுரையை உடைக்க முடியாது. அதனால லீவு போட்டுட்டுக் கொடைக்கானல் போனேன். கிளையில நர்ஸ்கிட்ட என் கையை நீட்டினேன். ஊசி குத்துறதுலயே தட்டணு முழிச்சிரும்கிறதால முதல் குழாயைத் தள்ளிட்டு, அப்புறம் மூணு குழாய் எடுக்கச் சொன்னேன்.

ஒண்ணை, ஐஸ் வைக்காம, குலுக்காம, நிமித்தி வச்சு, அங்க இருந்த சின்ன மெஷின்லயே ரெண்டு தடவை சுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அடியில ஒரு விரக்கடை விட்டுட்டு மேல உள்ள ப்ளாஸ்மாவை மட்டும் எடுத்தேன். தட்டணுவே இல்லாத தண்ணியை எத்தனை வளைவு குலுக்கினாலும் என்ன ஆகப்போகுது? ரெண்டாவது குழாயை ஐஸ் இல்லாம கையில பிடிச்சுக்கிட்டு பஸ்ல இறங்கினேன். மூணாவது வழக்கம்போல ஐஸ் பெட்டியில, பாண்டி வேன்ல, பின்கதவு ஓரம்.

கீழ வந்து மூணையும் ஒரே கையால சுத்தி எண்ணினேன். மேலேயே சுத்தினது ரொம்பக் கம்மி. பஸ்ல வந்தது கொஞ்சம் கூடுதல். வேன்ல வந்தது கோட்டுக்கு மேல. நோய் நொடி இல்லாத பொம்பளை நான். எங்க தாளுப்படி எனக்கு மருந்துகூட பலிக்காத கேன்சர்!

சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. மறுநாள் காலையில சார் ரூமுக்குப் போனேன். டெல்லி டிக்கெட் மேஜை மேலேயே இருந்துச்சு. வேலை போகும்னு நெனச்சுத்தான் போனேன்.

"சார், மலைக்காரங்க கேன்சர் வேற இல்ல சார். ரோடுதான் வேற."

கண்ணாடியைக் கழட்டினாரு. "எதை வச்சுச் சொல்றீங்க?"

மூணு குழாயோட கணக்குத் தாளை வச்சேன். கணேசன் அண்ணனோட ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சேன். ரொம்ப நேரம் பார்த்தாரு.

"இது யார் ரத்தம்?"

"என்னோடது சார். ஐஸ் வைக்கச் சொன்னது நான். வேன் ஏற்பாடும் நான். தப்பு என்னோடது."

அவரு கண்ணாடியை எடுத்து மாட்டினாரு. "உங்க தம்பி வேன் நாளைக்குப் போகுமா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலமே மலையேறிட்டாரு. மறுநாள் காலையில தன் ரத்தத்தைக் கொடுத்துட்டு, பெட்டிக்குப் பக்கத்துலயே, வேன் பின்னாடி, கேரட் மூட்டை மேல உக்காந்து வந்தாரு அந்த மனுஷன். முன்னாடி உக்காருங்க சார்னு பாண்டி கெஞ்சியிருக்கான், கேக்கல. வழியில ரெண்டு இடத்துல வண்டியை நிப்பாட்டி வாந்தி எடுத்தாராம். எங்க கேட்டுல இறங்கும்போது சட்டையெல்லாம் மண்ணு, முகம் வெளிறிக் கெடக்கு. "முருகேஸ்வரி, பெட்டி என்னைவிட அதிகமா குதிச்சுதுங்க"ன்னாரு. அவரு ரத்தமும் கோட்டைத் தாண்டிருச்சு.

டிக்கெட்டை அன்னிக்கே ரத்து பண்ணாரு. கட்டுரையை எடுத்து வச்சிட்டு, மருந்து இல்லைன்னு அனுப்பின மலைக்காரங்க எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுக்க உத்தரவு போட்டாரு. விதிமுறைத் தாள்ல ஏழாவது வரியை என்னையே எழுதச் சொன்னாரு. பதிவேட்டுல 'கண்டுபிடித்தவர்'னு என் பேரை எழுதினாரு. 'பிழைக்குப் பொறுப்பு'ங்கிற இடத்துல தன் பேரை எழுதினாரு. நான் வாயைத் திறந்தேன். "ஐஸைப் பார்த்துத் தலையை ஆட்டினவன் நான்தானேங்க. நீங்க போய் வேலையைப் பாருங்க"ன்னாரு. அந்த மாதிரி ஒருத்தர்கிட்ட வேலை பார்த்தேங்கிறதை நான் யார்கிட்ட வேணும்னாலும் தலை நிமிந்து சொல்லுவேன்.

வலிக்கிற ஒண்ணையும் சொல்லிடணும். மறுபடி ரத்தம் எடுக்கப் போனப்ப கூக்கால் பக்கத்து அம்மா ஒருத்தங்க உயிரோட இல்ல. அவங்களுக்கு மருந்து பலிச்சிருக்குமா பலிச்சிருக்காதா, யாருக்கும் தெரியாது. என் ஐஸ் பெட்டி அவங்க நாளைத் தின்னுருச்சு. ஏழாவது வரியை எழுதும்போது அவங்க முகம்தான் எனக்கு முன்னாடி நின்னுச்சு.

மத்தவங்கள்ல சில பேரு நெஜமாவே கோட்டுக்கு மேல இருந்தாங்க. பல பேரு கீழ வந்தாங்க. கணேசன் அண்ணனை ஆராய்ச்சியில சேர்த்தோம். மருந்து ஏற ஏற துகளும் குறைஞ்சுச்சு, கட்டியும் சுருங்குச்சு. அவரு குழாயில புள்ளி வச்சு, தண்ணியை உறிஞ்சி எடுக்கிற சோலியை நான் வேற யாருக்கும் விட்டதில்ல.

இதுவரைக்கும் உள்ளதை எழுதிச் சரவணனுக்கு அனுப்பினேன். ரெண்டு வாரம் சத்தமே இல்ல. சரி, வரியை அழிச்சிட்டாரு போலன்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன். நேத்து போன் வந்துச்சு.

"அக்கா, மேல போயி என் ரத்தத்தைக் கொடுத்தேன். புதுப் பெட்டியில வச்சு, புது ரோட்டுல, வேன் பின்னாடி நானே கூட உக்காந்து கொண்டாந்தேன்."

"வாந்தி எடுத்தீங்களா?"

"அதை விடுங்கக்கா. எண்ணிப் பார்த்தோம். கோட்டைத் தாண்டிருச்சு. எனக்கு மருந்து கெடையாதாம்."

"அப்ப அந்த வரி?"ன்னு கேட்டேன்.

"ஏழாவது வரி இருக்கட்டும்க்கா," அப்படின்னாரு. கொஞ்சம் தயங்கிட்டு, "அந்தக் கணேசன்ங்கிறவரு... இப்ப இருக்காராக்கா?"

"இருக்காராவா? முந்தாநாள்கூட தோசை முறுகலா இல்லைன்னு சொன்ன வெள்ளக்காரன்கிட்ட, அடுப்பை நீ வந்து பிடிடான்னு சண்டை போட்டிருக்காரு. வட்டக்கானலே சிரிச்சிருக்கு."